லெகோ கட்டைகள் நிறம் மாறினால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

வெள்ளைக் கட்டை மஞ்சளாகிவிட்டால் பலரும் நேராக ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலைத்தான் தேடுகிறார்கள். அதைத் திறப்பதற்கு முன்னால் நிறம் ஏன் மாறியது என்று பார்த்துவிட வேண்டும். வெறும் அழுக்காக இருக்கலாம். வெயில் பட்டிருக்கலாம். பக்கத்தில் ஒட்டிக் கிடந்த ரப்பர் டயர் கறை படிய வைத்திருக்கலாம். சில சமயம் நிறம் மாறியே இருக்காது, தொழிற்சாலையிலிருந்தே அந்தக் கட்டை வேறு நிறத்தில் வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சிலவற்றுக்கு வைத்தியமே கிடையாது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நல்ல கட்டையைக் கெடுக்காமல் இருக்கலாம்.

லெகோவை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த மற்றக் கட்டைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, மென்மையான பழைய டூத் பிரஷ், இவ்வளவு போதும். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. லெகோ நிறுவனமே சொல்லும் வரம்பு அது. வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் இயந்திரம், ஹேர் டிரையர், ஓவன் எதுவும் வேண்டாம். மோட்டார், விளக்கு, பேட்டரிப் பெட்டி போன்ற மின்பாகங்களையும் ஸ்டிக்கர் ஒட்டியவற்றையும் தண்ணீரில் போடாமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும். கழுவியவற்றை ஒரு துண்டில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். உள்பக்கக் குழாய்களில் தண்ணீர் தங்கும் என்பதால் ஒருமுறை உதறிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

காய்ந்ததும் கட்டையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் வெள்ளையையும் சாம்பலையும் எடைபோட முடியாது. கட்டையைத் திருப்பி உள்பக்கத்தை வெளிப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மேலே வேறு கட்டை பொருத்தப்பட்டிருந்த இடம், சுவர் பக்கம் திரும்பியிருந்த பக்கம், ஸ்டிக்கர் மறைத்திருந்த இடம் ஆகியவற்றையும் பாருங்கள். மறைந்திருந்த இடத்துக்கும் திறந்திருந்த இடத்துக்கும் வித்தியாசம் உண்டா இல்லையா என்பதிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

கழுவியதும் நிறம் பாதி திரும்பிவிட்டது

அப்படியானால் அது அழுக்கு. கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு, சமையலறைப் புகை, தூசு, சிகரெட் புகையின் தார் எல்லாம் சேர்ந்து ஒரு மஞ்சள் படலமாகப் படிந்துவிடும். சிகரெட் புகை படிந்த கட்டையில் வாசனையும் இருக்கும், விரலில் லேசாக ஒட்டும். ஒரே கழுவலில் போகாது. சோப்புத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, கட்டையின் மேல்பக்கக் குமிழ்களுக்கு இடையில் பிரஷ் போட்டு, தண்ணீரை மாற்றி மறுபடி கழுவுங்கள். தண்ணீர் பழுப்பாக வரும்வரை வேலை மிச்சம் இருக்கிறது.

ஈரமான இடத்தில் கிடந்த கட்டைகளில் கரும்புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் அது பூஞ்சை. அதுவும் மேலே படிந்ததுதான். கழுவித் தேய்த்தால் போய்விடும். முழுசாகக் காயவைக்காமல் பெட்டியில் போட்டால் திரும்ப வரும்.

எவ்வளவு பிடிவாதமான கறையாக இருந்தாலும் அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, தின்னர், பெட்ரோல் பக்கம் போக வேண்டாம். அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். கறையோடு கட்டையின் பளபளப்பும் விளிம்பும் போய்விடும்.

திறந்திருந்த பக்கம் மஞ்சள், மறைந்திருந்த பக்கம் வெள்ளை

பலரும் தேடும் பிரச்சினை இதுதான். காரணம் வெளிச்சம்.

1963 முதல் லெகோ கட்டைகள் ஏபிஎஸ்ஸில் வார்க்கப்படுகின்றன. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றின் சேர்க்கை அது. கட்டை கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருக்க ஸ்டைரீனும் அக்ரிலோநைட்ரைலும் காரணம். கீழே விழுந்தாலும் உடையாமல் தாங்குவதற்கு, உள்ளே நுண்ணிய துகள்களாகப் பரவியிருக்கும் பியூட்டாடையீன் ரப்பர் காரணம். கட்டைக்கு உறுதி தரும் அந்த ரப்பர்தான் முதலில் கெடவும் செய்கிறது. அதன் மூலக்கூறில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைப் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து தாக்குகின்றன. அங்கே உருவாகும் புதிய வேதிக் கூறுகள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. மாற்றம் மேற்பரப்பில் மெல்லிய அடுக்காகத்தான் நடக்கிறது, உள்ளே பிளாஸ்டிக் பழையபடியே இருக்கும். ஆனால் அந்த மேலடுக்கில் ரப்பர் தன் இழுபடும் தன்மையை இழந்துவிடுகிறது. ஆகவே ஆழமாக மஞ்சளான கட்டை கொஞ்சம் இற்றும் போயிருக்கும்.

பழைய கணினிப் பெட்டிகள் மஞ்சளாவதற்குத் தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்களைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அதே விளக்கத்தைக் கட்டைகளுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். புரோமின் துளியும் இல்லாத ஏபிஎஸ்ஸும் மஞ்சளாகும். வெளிச்சமும் ஆக்சிஜனும் போதும்.

வெள்ளை, வெளிர் சாம்பல், நீலம் மூன்றிலும் இது கண்ணில் படும். நீலக் கட்டை மஞ்சளானால் பச்சை கலந்தாற்போல் மங்கித் தெரியும். நீலத்தின் மேல் ஒரு மஞ்சள் படலம் சேர்ந்ததுதான் அது. சிலர் அதை வேறு நிறக் கட்டை என்றே நினைத்துத் தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறார்கள். கருப்புக் கட்டையில் பெரும்பாலும் கரித்துகள் நிறமியாக இருக்கும். அது கதிரை உறிஞ்சி பிளாஸ்டிக்கைக் காப்பதால் கருப்பு அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. கருப்பு சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் நுண்ணிய கீறல்களையும் சரியாக அலசாத சோப்பையும் சந்தேகப்படுங்கள்.

இப்போது வைத்தியம். 2008 வாக்கில் பழைய கணினிகளைப் புதுப்பிக்கும் ஆர்வலர்களிடையே பரவி, ரெட்ரோபிரைட் என்று பெயர் பெற்ற முறை இது. ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து மஞ்சள் நிறம் தரும் கூறுகளை உடைத்துவிடுகின்றன. நிறம் போகும், ரப்பர் திரும்பி வராது. வெளுத்த கட்டை பார்வைக்குப் புதிதாக இருக்கும், உறுதி பழைய நிலைமையில்தான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கப் போகும் கட்டை என்றால் செய்யலாம். தினமும் கழற்றி மாட்டி விளையாடப் போவது என்றால், லேசான மஞ்சளை அப்படியே விட்டுவிடுவது என் பழக்கம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலே போதும். 6, 12 சதவீதத்தில் கூந்தல் சாயத்துக்காக விற்கும் கரைசலும் கிரீமும் வேகமாக வேலை செய்யும், அதே வேகத்தில் கெடுக்கவும் செய்யும். தோலில் பட்டால் வெளுத்து எரியும். எந்தச் செறிவானாலும் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சிறுவர்களை அருகில் விடாதீர்கள். வேகம் கூட்டலாம் என்று வினிகரையோ பிளீச்சையோ அசிட்டோனையோ இதோடு சேர்க்கவே கூடாது, ஆபத்தான பொருள்கள் உருவாகும்.

நன்றாகக் கழுவிய கட்டைகளை, கண்ணாடி அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அழுக்கு மிச்சம் இருந்தால் பெராக்சைடு அதோடு மல்லுக்கட்டியே வீணாகிவிடும். உலோகப் பாத்திரம் வேண்டாம். உலோக அச்சு, காந்தம், மின்பாகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. கட்டைகள் முழுகும் அளவுக்குக் கரைசலை ஊற்றி வெயிலில் வையுங்கள். மூடி வைப்பதானால் தளர்வாக மூடுங்கள். ஆக்சிஜன் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதால் இறுக்கி மூடினால் அழுத்தம் ஏறும்.

கொஞ்ச நேரத்தில் கட்டைகளின் மேல் சிறு குமிழிகள் பூக்கத் தொடங்கும். வேலை நடக்கிறது என்று அர்த்தம். தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது. குமிழிகள் உள்பக்கக் குழியில் சேர்ந்து கட்டையை மிதக்கவைத்துவிடும். தண்ணீருக்கு மேலே நிற்கும் பகுதியும் கீழே இருக்கும் பகுதியும் வேறு வேறு அளவில் வெளுத்து நடுவே ஒரு கோடு விழும். திறந்த உள்பக்கம் மேலே பார்க்கும்படி கட்டைகளைத் திருப்பிப் போடலாம், அல்லது மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து அமுக்கலாம். மணிக்கு ஒருமுறை கலக்கிவிட்டுப் புரட்டிப் போடுங்கள்.

நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். மேகமூட்டமாக இருந்தால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். வெயிலில் கரைசல் சூடேறும். கைபொறுக்காத சூடானால் நிழலுக்கு மாற்றிவிடுங்கள். மஞ்சளாகாத உள்பக்கம் ஒன்றை ஒப்பீட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, அந்த நிறத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துவது நல்லது. எடுத்ததும் ஓடும் தண்ணீரில் அலசி, வெறும் தண்ணீரில் சற்று ஊறவைத்து, நிழலில் காயவையுங்கள். பெராக்சைடு தானாகவே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துகொண்டிருக்கும். நேற்றைய கரைசல் இன்று பலவீனமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அச்சிட்ட படம் உள்ள கட்டைகளை இதில் போட்டால் அச்சு மங்கலாம், ஸ்டிக்கர் உரியலாம். சிவப்பு, மஞ்சள், பழுப்பு போன்ற அடர் நிறங்களுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை, இருக்கிற நிறமும் வெளிறும் அபாயம்தான் அதிகம். வெயிலில் கிடந்து வெளிறிய சிவப்புக் கட்டையில் நிறமியே சிதைந்திருக்கும். போன நிறமியைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கரைசலாலும் முடியாது.

மேலடுக்குத்தானே கெட்டது, உப்புக் காகிதத்தால் தேய்த்துவிடலாமே என்று கேட்கலாம். தேய்க்காதீர்கள். பளபளப்பு போகும், பிடிமானம் தளரும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பழைய பொம்மைகளின் சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் காட்மியம் இருப்பது வழக்கம். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் பழைய பிளாஸ்டிக் பொம்மைகளில் காட்மியம், ஈயம் போன்றவை இருப்பது பதிவாகியிருக்கிறது. அந்தத் தூளை நாம் மூச்சில் இழுக்க வேண்டியதில்லை. பழைய கட்டைகளை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளிடம் கொடுக்காமல் இருப்பதும் நல்லது.

பெராக்சைடுக்குப் பிறகு வெள்ளைத் திட்டு, பளிங்குக் கோடு

அளவுக்கு மீறி வெளுத்துவிட்டது, அல்லது சீராக வெளுக்கவில்லை. கிரீம் பூசி பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைக்கும் முறையில் இது அடிக்கடி நேரும். கிரீம் தடிமனாக இருந்த இடம் ஒரு மாதிரியும் காய்ந்துபோன இடம் வேறு மாதிரியும் வெளுக்கும். கரைசலில் முழுக்கி வைக்கும் முறையை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

திட்டு லேசாக இருந்தால், நீர்த்த கரைசலில் முழுசாக மூழ்கவைத்து இன்னொரு முறை சிறிது நேரம் வைத்தால் சுற்றியுள்ள பகுதியும் அதே அளவுக்கு வந்து வித்தியாசம் குறையலாம். தொட்டால் விரலில் மாவு போல வெள்ளை ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். மேற்பரப்பே சிதைந்து, வெள்ளை நிறமி வெளியே வந்துவிட்டது. இனி எது செய்தாலும் மோசமாகத்தான் ஆகும்.

மூடிய பெட்டியில் இருந்தது, இருந்தும் எல்லாப் பக்கமும் மஞ்சள்

வெளிச்சம் படாமலும் பிளாஸ்டிக் ஆக்சிஜனோடு சேரும், மெதுவாக. சூடு அதைத் துரிதப்படுத்தும். கூரைக்கு அடியில், வெப்பமான பரணில், வண்டியின் டிக்கியில் கிடந்த கட்டைகள் இப்படிச் சீராக மஞ்சளாகும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நிறமாக இருப்பது இதன் அடையாளம்.

இன்னொரு வகையும் உண்டு. பிளாஸ்டிக் கெடாமல் இருக்கப் பல தயாரிப்புகளில் ஃபீனால் வகை எதிர் ஆக்சிஜனேற்றிகளைச் சேர்க்கிறார்கள். காற்றில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு அவை வினைபுரிந்தால் அவையே மஞ்சள் நிறம் கொள்ளும். இருட்டில் கிடக்கும்போது இது கூடும், வெளிச்சத்தில் வைத்தால் குறையும். அதனால், பெட்டியில் இருந்து மஞ்சளான கட்டைகளுக்கு உடனே பெராக்சைடு வேண்டாம். ஒன்றிரண்டை மட்டும் ஜன்னலோரத்தில் சில நாள் வைத்துப் பாருங்கள். மஞ்சள் தணிந்தால் மற்றவற்றுக்கும் அதையே செய்யலாம். மாற்றம் இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். அங்கேயே மறந்துவிட்டால் மேலே சொன்ன வெளிச்ச மஞ்சள் வந்து சேரும்.

சாம்பல் கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை

இதைப் பழுது என்று நினைத்துப் பெராக்சைடில் போட்டவர்கள் நிறையப் பேர். 2004 வாக்கில் லெகோ தன் வெளிர் சாம்பல், அடர் சாம்பல், பழுப்பு மூன்றையும் மாற்றியது. பழைய சாம்பலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். புதியதில் நீலச் சாயல் இருக்கும். பழைய பழுப்பு போய்ச் செம்பழுப்பு வந்தது. பழைய விண்கலத்தில் புதிய சாம்பல் தகடு ஒன்றை மாட்டினால் ஒட்டுப் போட்டது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். இரண்டுமே நல்ல கட்டைகள்தான், பிறந்த வருடம்தான் வேறு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், புதிய நீலச் சாம்பல் மஞ்சளானால் பழைய சாம்பலைப் போலவே தோன்றும். பிரித்தறிய உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாயலும் வெளியே மஞ்சள் சாயலும் இருந்தால் அது வெயில் பட்ட புதிய சாம்பல். உள்ளும் புறமும் ஒரே மாதிரி மஞ்சள் சாயலாக இருந்தால் அது பழைய சாம்பல், அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். பழைய தொகுப்பை மறுபடி சேர்க்கும்போது இரண்டையும் தனித்தனி டப்பாவில் பிரித்துக்கொண்டால் பிறகு நிறைய நேரம் மிச்சமாகும்.

ஒரே தொகுப்பில் வந்த புத்தம் புதுக் கட்டைகளில்கூட நிறம் சற்று முன்பின்னாக இருப்பது உண்டு. முன்பு நிறம் ஏற்றிய பிளாஸ்டிக் குருணையையே வாங்கி வார்த்தார்கள். 2000களின் நடுப்பகுதியிலிருந்து நிறமற்ற குருணையோடு நிறமிக் குருணையை வார்க்கும் இடத்திலேயே கலக்கும் முறைக்கு மாறினார்கள். கலவையில் சிறு வேறுபாடு வந்தாலும் கட்டையில் தெரியும். அடர் சிவப்பு, ஊதா போன்றவற்றில் கவனித்தால் தெரியும். இதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. கட்டும்போது ஒத்த சாயல் உள்ளவற்றை ஒரே சுவரில் வைத்துக்கொள்ளலாம், அல்லது எல்லாவற்றையும் கலந்து தூவினாற்போல் வைத்தால் வித்தியாசம் திட்டாகத் தெரியாது.

செம்பழுப்புக் கட்டை நிறம் நன்றாக இருக்கிறது, தொட்டால் உடைகிறது

நிறம் மாறாமலே இற்றுப்போகும் கட்டைகள் இவை. 2010களில் வந்த செம்பழுப்பு, அடர் பழுப்பு, அடர் சிவப்புத் துண்டுகள் இதற்குப் பேர்போனவை. சிறு கிளிப், மெல்லிய தகடு, ஒற்றைக் குமிழ்த் தட்டு ஆகியவைதான் முதலில் போகும். வெயில் படாமல் டப்பாவிலேயே இருந்தவையும் உடைகின்றன. வெளுக்கும் கரைசலால் இதற்கு எந்தப் பயனும் இல்லை, இருக்கிற பலமும் குறையும்.

கழற்றும்போது குளிர்ந்த நிலையில் கழற்றாதீர்கள். ஏபிஎஸ் குளிர்ச்சியில் இன்னும் எளிதாக உடையும். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றி, திருகாமல் நேராக இழுங்கள். பிரிப்பான் கருவி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கட்டி வைத்த மாதிரி ஒன்றில் ஒரு பழுப்புத் துண்டு உடைந்துவிட்டால் மற்றவற்றைக் கழற்றுவதற்கு முன் மாற்றுத் துண்டுகளைத் தயாராக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வளைத்த இடத்தில் வெள்ளைக் கோடு

சாயம் போனதல்ல. வளைக்கும்போது உள்ளே இருக்கும் ரப்பர் துகள்களைச் சுற்றி நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கின்றன, அதனால் வெள்ளையாகத் தெரிகிறது. அடர் நிறங்களில் பளிச்சென்று தெரியும். சூடு காட்டினால் மங்கும் என்பது உண்மைதான், ஆனால் கட்டை வளைந்துபோகும் அபாயமும் கூடவே வரும். அந்த இடம் பலவீனமாகிவிட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்து, அதில் மறுபடி விசை விழாதபடி பொருத்துங்கள்.

டயர் பட்ட இடத்தில் பழுப்புக் கறை, உருகிய தடம்

ரப்பர் டயர், ரப்பர் பேண்ட், மென்மையான பிவிசி வயர், பிவிசி உறை போன்றவை ஏபிஎஸ்ஸோடு மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் அவற்றில் உள்ள மென்மையாக்கிகளும் எண்ணெய்களும் கட்டைக்குள் ஊறிவிடும். முதலில் பழுப்பு நிழல் விழும், பிறகு மேற்பரப்பு இளகிப் பள்ளமாகும். நிழல் மட்டும் என்றால் கழுவிய பின் வெள்ளைக் கட்டைக்குப் பெராக்சைடு ஓரளவு உதவலாம். பள்ளம் விழுந்துவிட்டால் அது நிரந்தரம். டயர்களையும் வயர்களையும் தனி டப்பாவில் வையுங்கள். வண்டிகளை நீண்ட நாள் எடுத்துவைப்பதானால் சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றிவிடுவது நல்லது. கட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

கண்ணாடி போன்ற துண்டுகள் மஞ்சளாக அல்லது பால்நிறமாக

ஒளி ஊடுருவும் துண்டுகள் நெடுங்காலம் பாலிகார்பனேட்டில் செய்யப்பட்டவை. அண்மைக் காலத்தில் ஒளி ஊடுருவும் ஏபிஎஸ் வகை ஒன்றுக்கு மாறி வருகிறார்கள். பாலிகார்பனேட் மஞ்சளாகும் வேதியியல் வேறு. புற ஊதாக் கதிரால் அதன் மூலக்கூறே மறுசீரமைந்து நிறம் கொள்கிறது. பெராக்சைடிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பால்நிறத்துக்குப் பெரும்பாலும் காரணம் நுண்கீறல், அல்லது அம்மோனியா போன்ற காரத்தன்மையுள்ள துப்புரவுத் திரவம். விமானக் கண்ணாடி, கதவுக் கண்ணாடிகளை டப்பாவில் மற்றவற்றோடு போட்டுக் குலுக்காமல் தனி உறையில் வையுங்கள். ஒளிரும் ஆரஞ்சு, ஒளிரும் பச்சைத் துண்டுகளின் சாயம் வெயிலில் சீக்கிரம் மங்கும். மங்கியது திரும்பாது.

கட்டை வளைந்திருக்கிறது, வினிகர் வாசனை வருகிறது

இது உங்கள் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைக் கவனியுங்கள். 1949இல் தொடங்கி 1963இல் ஏபிஎஸ் வரும்வரை லெகோ கட்டைகள் செல்லுலோஸ் அசிட்டேட்டில் செய்யப்பட்டன. அந்தப் பிளாஸ்டிக் ஈரத்தை இழுத்துக்கொண்டு வளையும், நிறம் மாறும், சிதையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பழைய சினிமா ஃபிலிம் சுருள்களைக் கெடுப்பதும் இதே சிதைவுதான். வெளிவரும் அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஆகவே காற்றுப்புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது, நல்ல கட்டைகளோடு சேர்த்து வைக்கவும் கூடாது. ஊறவைக்க வேண்டாம், பெராக்சைடு அறவே வேண்டாம். உலர்ந்த மென்துணியால் துடைத்து, குளிர்ச்சியான, ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். வளைவை நிமிர்த்த முயலாதீர்கள், பிளந்துவிடும்.

வெளுத்த கட்டை மறுபடியும் மஞ்சளாகிறது

ஆகும். நிறம் தரும் கூறுகளைத்தான் உடைத்தோம், கெட்டுக்கொண்டிருந்த ரப்பர் அப்படியேதான் இருக்கிறது. சில கட்டைகள் பல வருடம் தாங்கும். சிலவற்றில் ஓரிரண்டு வருடத்திலேயே, இருட்டில் வைத்திருந்தாலும், மஞ்சள் எட்டிப்பார்க்கும். மறுபடி மறுபடி வெளுத்தால் மேற்பரப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். இரண்டாவது முறை வந்தால் அந்தக் கட்டையைக் கண்ணில் படாத உட்சுவருக்கு மாற்றிவிட்டு, வெளிச்சுவருக்கு வேறு வெள்ளைக் கட்டையைத் தேடுவது மேல்.

மஞ்சளைத் தள்ளிப்போடும் வழி, கட்டை வாழும் இடத்தைச் சரிசெய்வது. ஜன்னல் கண்ணாடி போட்டிருக்கிறதே, கதிர் வராது என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி வகையைப் பெரும்பாலும் தடுக்கும், ஏ வகையில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். நேர் வெயில் விழாத உட்சுவர் பக்கம் அலமாரியை வையுங்கள். அலமாரிக்குள் விளக்கு வேண்டுமென்றால் எல்இடி போடுங்கள், அதில் புற ஊதா மிகக் குறைவு. ஆனாலும் விளக்கின் சூடு கட்டையில் படாதபடி கொஞ்சம் தள்ளி வையுங்கள். விலைமதிப்புள்ள தொகுப்புக்குப் புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டி நல்ல பாதுகாப்பு. எடுத்துவைக்கும் கட்டைகளுக்கு ஒளி புகாத பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் டப்பா போதும். பரணில் ஏற்றாமல் வீட்டின் குளிர்ச்சியான அறையில், தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். ஜன்னல் உள்ள அறையில்தான் மாதிரியை வைத்தாக வேண்டும் என்றால், சில மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பி வையுங்கள். மஞ்சள் வந்தாலும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வரும், ஒரு பக்கம் மட்டும் வேறு நிறமாக நிற்காது.